முதல் வரியில் பொன்னையா

1912ஆம் ஆண்டு மார்கழி மழையில், பதுளைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்மேடு சரிந்து, கூலிகள் குடியிருந்த ஒரு லயத்தை மூடியது. நான்கு பேர் செத்தார்கள். பதுளையில் மேல்வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஹுமைத் மறுநாளே மலையேறினான். அவனும் கூட்டாளி ஸலீமும் கொழும்பு வாரப்பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதப் பழகிக்கொண்டிருந்தார்கள். அதுவரை அனுப்பியது எதுவும் அச்சாகவில்லை.

கங்காணி அவனை லயத்துப் பக்கம் விடவில்லை. செத்தது நாலு கூலிகள், மழைதான் காரணம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஹுமைத் இறங்கி வந்து இரண்டு பக்கம் எழுதினான். மேகம், இடி, விதி எல்லாம் இருந்தன. ஸலீம் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

“மழைதான் இருக்கு. மௌத்தானவங்க எங்கடா? அவங்களுக்குப் பேரில்லியா?”

ஹுமைத்துக்குக் கோபம் வந்தது. ஆனாலும் திரும்பப் போனான். இந்த முறை கங்காணியைத் தேடவில்லை. பீலியடியில் தண்ணீர் பிடித்த பெண்களிடம் விசாரித்தான். அவர்கள் இராக்கம்மாவைக் காட்டினார்கள். மண்ணுக்குள் போனவர்களில் ஒருவன் அவள் புருஷன் பொன்னையா. மற்ற மூவரின் பேரையும் அவள் சொன்னாள். லயத்துக்குப் பின்னால் நிலம் வெடித்திருப்பதைப் பொன்னையா முன்பே போய்ச் சொன்னதையும், பேசாமல் வேலைக்குப் போ என்று கங்காணி விரட்டியதையும் சொன்னாள்.

சொன்னவர் யாரென்று எழுதாவிட்டால் பத்திரிகை போடாது. எழுதினால் தோட்டம் அவளை விட்டுவைக்காது. இரண்டையும் ஹுமைத் அவளிடமே சொன்னான்.

அவள் சரிந்த மேட்டைக் கையால் காட்டினாள்.

“போடுங்க தம்பி. நான் சொல்லாட்டி மழைதான் கொன்னுச்சுன்னு ஆயிரும்.”

வாப்பாவின் கடையில் உட்கார்ந்து, பொன்னையாவின் பேரிலிருந்து தொடங்கி எழுதினான். செய்தி அப்படியே அச்சானது. ஸலீம் அதைக் கடைக்குக் கடை கொண்டுபோய்க் காட்டினான்.

பத்திரிகை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் இராக்கம்மாவைக் கைப்பிள்ளையோடு வெளியேற்றினார்கள். வேறு தோட்டத்தில் சேர்வதற்கான சீட்டையும் கொடுக்கவில்லை. ஹுமைத் கேள்விப்பட்டு ஓடியபோது அவள் கடைத்தெருவில் மூட்டையோடு நின்றாள். அவன் அழுதுவிட்டான். அவள் அழவில்லை, பிள்ளையோடு தங்க இடம் கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். அவனுடைய உம்மா அவளைப் பின்கட்டில் சேர்த்துக்கொண்டு மிளகாய் இடிக்கும் வேலை கொடுத்தாள்.

ஹுமைத் அடுத்த செய்தியை எழுதினான். யாரை, எங்கிருந்து, எதற்காக வெளியேற்றினார்கள் என்பதெல்லாம் முதல் வரியிலேயே இருந்தது. பத்திரிகை போடவில்லை. மறுபடியும் அனுப்பினான். வரவில்லை.

தபாலில் பத்திரிகை வந்ததும் வாசலிலேயே பிரித்துப் பார்ப்பான். இராக்கம்மா உலக்கையை நிறுத்தி அவன் முகத்தைப் பார்ப்பாள். பிறகு இடிக்கத் தொடங்குவாள்.