காப்புக் கம்பி

விடிவதற்குள் சலவைக் கூடத்தில் கொதிகலன் சீறத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரமும் மருந்து நெடியுமாகக் குவிந்து கிடந்தன. அவன் ஒவ்வொன்றாக உதறி, துணியை அழுத்தி உலர்த்தும் கொதிக்கும் இரட்டை உருளையின் வாயில் கொடுத்தான். எதிர்ப்பக்கம் பெண்கள் வாங்கி மடித்தார்கள்.

"வெளியில மூஞ்சிக்கு ஆவி பிடிக்கக் காசு வாங்குறாங்களாம். நமக்கு ஓசி," என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது. அவனைப் பார்த்ததும் அடங்கியது.

போன மாதம் இதே உருளை அவன் மனைவியின் கையை இழுத்துக்கொண்டது. ஒன்பது நாள் கிடந்து போய்ச் சேர்ந்தாள். அதன்பிறகு அவன் சாமி படத்தின் பக்கம் திரும்பவில்லை. வந்தான், வேலை செய்தான், போனான். மடிப்பு மேசையில் நிற்கும் அவளுடைய அக்காள்தான் சோறு கொண்டுவந்து கொடுத்தாள்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். ஒரு தாளை நீட்டினார். மனைவி தன் கவனக்குறைவால் இறந்தாள் என்று அவன் எழுதிக்கொடுப்பதாக இருந்தது.

"நாளைக்கு விசாரிக்க அதிகாரி வர்றார். கையெழுத்துப் போடு. உன்னை மேஸ்திரி ஆக்குறேன்."

"காப்புக் கம்பி இருந்திருந்தா, கை பட்டதுமே உருளை நின்னிருக்குமே, முதலாளி."

"அடிக்கடி நிக்குது, வேலை ஓடலைன்னு கழட்டச் சொன்னேன். கழட்டினது யாரு?" குரலைத் தாழ்த்தினார். "படிச்ச பையன், பக்குவமாக் கழட்டுவேன்னு உன்னைத்தானே கூப்பிட்டேன்? அவ அக்காளுக்கு இது தெரியுமா?"

நான்கு திருகாணிகள். ஐந்து நிமிட வேலை. பக்கத்தில் நின்று அவற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டவள் அவன் மனைவிதான்.

அவன் கண்ணை மூடினான். கும்பிட எந்தச் சாமியும் வரவில்லை. அந்தக் கை மட்டும் வந்தது, முழுசாக. உள்ளே எதுவோ ஊன்றி நின்றது.

தாளை மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்து சுவிட்சை அணைத்தான். உருளை முனகி ஓய்ந்தது.

"கம்பியைக் கழட்டினது நான்தான்," என்றான். "அவர் சொன்னார், கழட்டினேன். இப்ப அவ மேல பழியைப் போட்டுக் கையெழுத்துக் கேக்குறார். போட மாட்டேன். கம்பி வர்ற வரைக்கும் இதை ஓட்டவும் மாட்டேன்."

உருளைக்கு முன்னால் ஈரத் தரையில் உட்கார்ந்தான்.

அக்காள் மேசையைச் சுற்றி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என் கையாலதானே தினம் சாப்பிட்டே. ஒரு வார்த்தை வாயத் திறந்தியா?"

"திறக்கல, அக்கா."

முதலாளி அறை வாசலில் நின்று கத்தினார். "பத்து நிமிஷத்துல ஓடணும்! இல்லைன்னா நாளைக்கு வேற ஆள். கேட்டுக்கு வெளியில எத்தனை பேர் நிக்கிறாங்க தெரியுமா?"

"அவங்களுக்கும் ரெண்டு கைதானே?" என்றாள் அக்காள், திரும்பாமலே.

ஆவி பிடிப்பதைப் பற்றிக் கேலி பேசியவள் கையிலிருந்த விரிப்பைக் கீழே போட்டாள். "பத்து விரலோட வீட்டுக்குப் போகணும்னு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு." வந்து உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. பிறகு மேசையே காலியானது.

அக்காள் மட்டும் நின்றாள்.

"உன்னை நான் மன்னிக்கல."

"தெரியும், அக்கா."

"தெரிஞ்சாச் சரி. தள்ளி உட்காரு."

அவன் நகர்ந்தான். அவன் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் அமர்ந்தாள். அமர்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

முதலாளி போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.