பரீத் வெளியேறிய தினம்

மட்டாஞ்சேரி கடைவீதியில் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முடிந்தால், அடுத்த நாளிலிருந்து பரீதின் கடையில் சாயா குடிக்க ஆள் வராது. ஒரு வாரம் இப்படித்தான். சமோவரில் தண்ணீர் கொதித்துக் கொதித்து வற்றும். கண்ணாடிப் பெட்டிக்குள் நேந்திரம்பழத்துப் பழம்பொரி வேர்த்துக்கொண்டு கிடக்கும். மூட்டை தூக்குகிறவர்கள் கடையைத் தாண்டும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போவார்கள். பரீத் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்தவர் இல்லை. ஒன்பதாம் தேதி சாயங்காலம் மட்டும் அவர் வெள்ளைக்காரன்.

நாற்பத்திரண்டில் நாடு முழுக்க 'வெள்ளையனே வெளியேறு' என்று கிளம்பியபோது இந்தக் கடைவீதியிலும் ஓர் ஊர்வலம் நடந்ததாம். முன்னால் கொடி பிடித்துப் போன பிச்சுமணி ஐயரை ஒரு துரை தடியால் அடித்தானாம். அன்றைக்கு மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவின் மண். வெள்ளைக்காரனின் எல்லை பக்கத்து ஃபோர்ட் கொச்சியோடு முடிந்துவிட்டது. துரை எதற்காக அடுத்தவன் ராஜ்ஜியத்துக்குள் மெனக்கெட்டு வந்து, ஐயரை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போனான் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு ஐயர் சட்டையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டுவார். அங்கே ஒன்றும் இருக்காது.

"உள்காயமாக்கும்" என்பார்.

இப்போது அவர் பெரிய மிளகு வியாபாரி. தமிழ் வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். சுதந்திரத்தின் வெள்ளிவிழா வருஷத்தில் அந்தத் தினத்தை நடித்தே காட்டிவிடுவது என்று சங்கம் முடிவு செய்தது. தியாகி வேஷத்துக்கு ஆள் தேட வேண்டிய அவசியம் இல்லை, ஐயரே இருந்தார். துரைக்குத்தான் திண்டாட்டம். சங்கத்தில் யாரை நிறுத்தினாலும் முகத்தில் பூசி வெளுக்க ஒரு மூட்டை மைதா செலவாகும் போலிருந்தது. அப்போதுதான் பூனைக்கண்ணும் சிவந்த தோலுமாக பரீத் சாயா கொண்டுவந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். சாயாவைக் கீழே வைப்பதற்குள் அவர் துரையாகிவிட்டார். தொப்பி யூதத் தெருவின் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. தடி, செய்தித்தாளைச் சுருட்டிக் காக்கி காகிதம் ஒட்டியது.

முதல் வருஷம் ஒரே அடிதான். மறு வருஷம் ஐயர் கீழே விழ ஆசைப்பட்டார். விழுவதற்கு ஓர் அடி போதாது என்று மூன்றாயிற்று. அப்புறம் ஒவ்வோர் அடிக்கும் ஒரு 'வந்தே மாதரம்' சேர்ந்தது. பிறகு ரத்தம் வந்தது. ஐயர் குங்குமத் தண்ணீரைச் சின்ன பிளாஸ்டிக் பையில் கட்டி ஜிப்பாவுக்குள் செருகிக்கொள்வார். பரீத் குறி பார்த்து அதன் மேல் அடிக்க வேண்டும். சரித்திரம் இப்படி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போனதில், வேடிக்கை பார்த்த, மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளுக்கு ரத்தம் நிஜமாகவே கொதித்தது. கிழவனைப் போட்டு இப்படியா அடிப்பது?

அவர்களுக்குத் தலைவன் மாதிரி இருந்த அவறாச்சன் ஒருநாள் மனம் விட்டுச் சொன்னான். "இக்கா, உங்களோட எனக்கு விரோதம் ஒண்ணும் இல்ல. ஆனா கிளாஸை வாய்ல வச்சா அந்தத் தொப்பி கண்ணு முன்னால வந்து நிக்குது. சாயா எறங்கல."

ஒரு வாரம்தானே என்று பரீத் இத்தனை காலம் பல்லைக் கடித்துக்கொண்டார். வேறே கடை பக்கத்தில் இல்லாததால் எட்டாம் நாள் தொப்பியை மறந்துவிட்டு எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஆனால் இந்த எண்பத்திரண்டில் கம்பத்திலிருந்து வந்த வீரபாண்டி நேர் எதிரே கடை போட்டுவிட்டான். 'சுதந்திரா டீ ஸ்டால்' என்று பலகை. உள்ளே பாட்டுப் பெட்டி. ஒரு வாரம் அங்கே போய் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவன் மறுபடி எழுந்து இங்கே வருவானா? அதுவும் இது நாற்பதாவது ஆண்டு, மந்திரி வருகிறார், அடி ஏழு என்று ஐயர் சொல்லியனுப்பியிருந்தார்.

வேஷம் போடமாட்டேன் என்று விடவும் வழியில்லை. சங்கத்துக் கடைகளுக்கெல்லாம் காலையும் மாலையும் சாயா போவது பரீத் கடையிலிருந்துதான். அது நின்றால் வீரபாண்டி தூக்குப் பாத்திரத்தோடு தயாராக நிற்பான். அடித்தால் சுமட்டுக்காரர்கள் போவார்கள், அடிக்காவிட்டால் முதலாளிமார் போவார்கள். எப்படிப் பார்த்தாலும் கடை எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும்.

பரீத் ஐயரின் கிடங்குக்குப் போய் விஷயத்தைப் பக்குவமாகச் சொன்னார்.

"என்னடா இப்படிச் சொல்றாய்?" என்றார் ஐயர். "மந்திரி வரார். வெள்ளைக்காரன் இல்லாட்டா நான் சும்மா ரோட்டில கொடியைப் பிடிச்சுண்டு மழையில நனையறதோ?"

"ஒரே ஒரு வருஷம் நான் கொடி பிடிக்கிறேன் சாமி. தொப்பியை நீங்க வச்சுக்குங்க."

ஐயர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பரீத் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது. நாட்டுக்காக ஒரு தொப்பியைக்கூட வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்டுவிட்டு மிளகைச் சல்லடையில் போடச் சொல்லிப் போய்விட்டார்.

வீட்டில் மனைவி பத்ருன்னிசா மத்தி மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். அவளுக்கு ஒரு சங்கதி மட்டும் நெடுநாளாகவே விளங்கவில்லையாம்.

"பத்து வருஷமா எல்லாரும் உங்களப் பாத்து போ, போன்னு கத்துறாங்க. நீங்க ஏங்க நின்னு அடிக்கிறீங்க? போயிர வேண்டியதுதானே?"

இவளிடம் போய்ச் சொன்னோமே என்று பரீத் எழுந்து போனார்.

ஒன்பதாம் தேதி தூறலோடு விடிந்தது, தூறலோடு சாய்ந்தது. மந்திரி வர நேரமாயிற்று. பந்தலுக்கு வெளியே ஐயர் கொடியோடு நின்றார். முன்னால் தொப்பியும் பூட்சும் தடியுமாக பரீத். பின்னால் மூட்டை தூக்குகிறவர்கள். முடிந்ததும் பரோட்டா உண்டு என்று சங்கம் சொல்லியிருந்ததால் கூட்டம் பலமாக இருந்தது. ஒருவழியாகக் கார் வந்து, மாலை போட்டு, மந்திரி உட்கார்ந்தார். ஐயர் கண்ணைக் காட்டினார்.

"வெள்ளையனே, வெளியேறு" என்று மலையாள ராகத்தில் ஒரு தமிழ் கோஷம் எழுந்தது.

பரீத் தடியை ஓங்கினார். மந்திரி நிமிர்ந்து உட்கார்ந்தார். போட்டோகிராபர் மண்டியிட்டார். தடி மேலே போனதும் பரீதின் கண்ணில் அவறாச்சனின் முகம் பட்டது. நரம்பு புடைக்க, "வெளியேறு" என்று அடிவயிற்றிலிருந்து கத்திக்கொண்டிருந்தான். அவனுக்குத் தோள் கொடுத்து இன்னொரு நூறு பேர். அந்தப் பக்கம் சுதந்திரா டீ ஸ்டாலில் வீரபாண்டி கிளாசுகளைக் கழுவிக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தான், நாளைக்காக.

இவ்வளவு பேர் இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறார்கள், போனால்தான் என்ன என்று பரீதுக்குத் தோன்றியது. மீன் செதிலின் வாடைகூட மூக்கில் வந்தது.

தடியைக் கக்கத்தில் இடுக்கினார். தொப்பியை எடுத்து மக்களைப் பார்த்து ஒரு வணக்கம் வைத்து மறுபடி தலையில் கவிழ்த்தார். படகுத்துறைப் பக்கம் திரும்பி நடந்தார்.

கோஷம் ஒரு கணம் தடுமாறி நின்றது. அப்புறம் விசில் பறந்தது. பத்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் அசையாத துரை இன்றைக்கு நிஜமாகவே போகிறான். கூட்டம் இரண்டாகப் பிளந்து அவருக்கு வழிவிட்டது. ஐயர் மட்டும் கொடியோடு பின்னால் ஓடினார்.

"டேய், அடிடா. அடிச்சுட்டுப் போடா. ஒண்ணாவது அடி."

ஈரத் தரையில் சாக்கு ஒன்று கிடந்தது. ஐயர் தடுக்கிவிழுந்த வேகத்தில் ஜிப்பாவுக்குள் பை வெடித்து நெஞ்செல்லாம் சிவந்தது. பதறிப்போன மந்திரி, யார் அடித்தது என்று கேட்டார். யாரும் அடிக்கவில்லை, கால் தடுக்கிவிட்டது என்று சங்கச் செயலாளரே உண்மையைச் சொல்லும்படி ஆகிவிட்டது.

எறணாகுளம் படகு கிளம்பத் தயாராக நின்றது. துரை ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் பூட்சிலிருந்து தொப்பி வரைக்கும் நிதானமாகப் பார்த்தான்.

"லண்டனுக்கோ?"

"எறணாகுளம் வரைக்கும் போதும்" என்றார் பரீத்.

இருட்டுகிற நேரத்துக்கு அவர் அடுத்த படகில் திரும்பி வந்தபோது கடை முன்னால் ஆட்கள் நின்றார்கள். தொப்பியைக் கழற்றுவதற்குள் அவறாச்சன் சாயா கேட்டான். சொன்னதும் போனவன் மரியாதைக்காரன் என்றான். எத்தனை சர்க்காரிடம் எத்தனை தரம் போ என்று சொல்லியிருக்கிறோம், ஒருத்தன் அசைந்திருக்கிறானா? மந்திரியும் பிரசங்கத்தில், எத்தனையோ விழா பார்த்திருக்கிறேன், வெள்ளைக்காரன் வெளியேறியதை இன்றுதான் பார்த்தேன் என்று புகழ்ந்துவிட்டாராம். மந்திரியே புகழ்ந்த பிறகு பரீதிடம் சாயா வேண்டாம் என்று சொல்லச் சங்கத்தில் யாருக்கும் வாய் வரவில்லை.

மறுநாள் பத்திரிகையில் படம் வந்திருந்தது. துரை முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறார். பின்னால் தியாகி கொடியோடு கையை நீட்டி, போகாதே, போகாதே என்று கெஞ்சிக்கொண்டு ஓடுகிறார்.

பத்து மணிக்கு ஐயர் போட்டோகிராபரோடு வந்து சேர்ந்தார். பெஞ்சில் உட்கார இடம் இல்லை. சுமட்டுக்காரர்கள் பழம்பொரியை மென்றுகொண்டே அவருக்கு வழிவிட்டார்கள். புதுப் பையில் குங்குமத் தண்ணீர்கூடக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒரே ஒரு அடி பரீத். போட்டோவுக்கு மட்டும். இங்கேயே, சமோவருக்குப் பின்னால வச்சு."

பரீத் ஒரு சாயாவை நீட்டி ஆற்றிக் கிளாசில் ஊற்றி ஐயர் முன்னால் வைத்தார்.

"வெளியேறினவன் திரும்பி வந்து அடிச்சா நல்லா இருக்காது சாமி. பேப்பர்லயே வந்துருச்சு, நாடு பூரா தெரிஞ்சு போச்சு."

ஐயர் சாயாவைத் தொடவில்லை. தெருவுக்கு அந்தப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆளில்லாத சுதந்திரா டீ ஸ்டாலில் பாட்டுப் பெட்டி தனியாகப் பாடிக்கொண்டிருந்தது. வீரபாண்டி கல்லாவில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஐயர் அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒரு தரமும், காலிலிருந்து தலை வரை இன்னொரு தரமும் அளந்தார்.

"நல்ல உயரம்" என்றார். "ஆனா கறுப்பாக்கும்."

"மைதா நான் தர்றேன் சாமி" என்றார் பரீத். குனிந்து பெஞ்சுக்கு அடியிலிருந்து தொப்பியை எடுத்துத் தூசி தட்டினார். "இதையும் கையோட கொண்டுபோய்க் குடுத்துருங்க."