அமரர் கலாநிதி குணலட்சுமி

தான் செத்துப்போன செய்தியைக் குணலட்சுமி ஒரு கலியாண வீட்டில்தான் அறிந்தாள். தொண்ணூறாம் ஆண்டு மாசி மாதம், அளவெட்டியில். மாப்பிள்ளையின் சிநேகிதனாக லண்டனிலிருந்து வந்திருந்த அருளம்பலம், ஒரு காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் அவளிடம் பௌதிகம் படித்தவன். பந்தலுக்குள் அவளைக் கண்டதும் கையிலிருந்த பலகாரத் தட்டை அப்படியே கதிரையில் வைத்துவிட்டான்.

"மிஸ், நீங்கள் இருக்கிறியளோ?"

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அவளைத் தனியே கூட்டிப்போய், மெதுவாக எல்லாவற்றையும் சொன்னான். அவன் இங்கிலாந்தில் பேராசிரியர் சோமசேகரத்தின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறான். அவர் எந்தக் கூட்டத்தில் பேசினாலும், ஷெல்லடியில் பலியான தன் சக ஆய்வாளர் கலாநிதி குணலட்சுமியைப் பற்றிச் சொல்லித்தான் தொடங்குவார். கேட்கிற வெள்ளைக்காரர் கண் கலங்குவார்கள். அருளம்பலமும் ஒரு தடவை அழுதிருக்கிறான்.

சோமசேகரம் வளாகத்தில் அவளுடைய பௌதிகப் பகுதித் தலைவராக இருந்தவர். சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்கருக்களை ஒன்றோடொன்று சேர்த்துச் சக்தி எடுக்கும் ஆராய்ச்சியில் பெரிய நாடுகள் எல்லாம் ஒரே பாதையில் போய்க்கொண்டிருந்த காலம் அது. வீட்டளவு வளைய இயந்திரங்கள் கட்டினார்கள். இருந்த காசெல்லாம் அதற்கே போனது. பக்கத்தில் சின்னச் சின்ன வேறு பாதைகளும் இருந்தன. எண்பத்தைந்தில் இத்தாலிக்குப் பயிற்சிக்குப் போன குணலட்சுமி அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு செப்புக் குழாய்கள், அவற்றைச் சுற்றிக் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு உருக்குக் கலம், அதற்குள் கொஞ்சம் பார ஐதரசன். கொள்ளளவிகளில் சேர்த்துவைத்த மின்சாரத்தை ஒரே அடியாகத் திறந்துவிட்டால், வாயு ஊசிமுனை அளவுக்கு நசுங்கி, சில அணுக்கருக்கள் சேர்ந்துகொள்ளும். அதைக் கொண்டு ஒரு குமிழ்விளக்கைக்கூட எரிக்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒரு அறைக்குள் செய்து பார்க்கலாம்.

குருநகரில் வள்ள இயந்திரங்கள் திருத்தும் பட்டறை வைத்திருந்த மரியரட்ணம் அவளுடைய வரைபடத்தைப் பார்த்து, உருக்குத் தகடுகளை ஒட்டிக் கலத்தைச் செய்து கொடுத்தார். எண்பத்தேழு ஆனியில் அது முதல் தடவை வேலை செய்தது. அணுக்கருக்கள் சேரும்போது வெளிவரும் நியூத்திரன்களைக் காட்டும் முள் அசைந்தபோது, சிலுவை போட்டுக்கொண்ட மரியரட்ணத்தைப் பார்த்துச் சோமசேகரம் கைகொட்டிச் சிரித்தார். பெரிய வளையங்களில் நம்பிக்கையில்லாத சிலர் ஹொலண்டில் ஒரு நிதியம் நடத்தி, மாற்றுப் பாதைகளுக்கு மட்டும் உதவி செய்துவந்தார்கள். குணலட்சுமியின் திட்டத்தை அவர்கள் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசியில் இந்திய இராணுவத்தோடு சண்டை வந்தது. அதற்கு முன்னமே சோமசேகரம் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்விட்டார். ஆய்வுகூடத்தின் கூரையில் ஷெல் விழுந்தது. ஊர்ச்சனத்தோடு கோயிலில் அடைந்து கிடந்த நாட்களில், நீரிழிவுக்கு மருந்தில்லாமல் குணலட்சுமியின் தாய் கனகாம்பிகை இறந்துபோனாள். வெளியே போக முடியாததால் பிரேதத்தைக் கோயிலின் வடக்கு வீதியில் இரண்டு பேர் அவசரமாக எரித்தார்கள்.

சண்டை ஓய்ந்தபின் அவளும் மரியரட்ணமும் இடிபாட்டுக்குள்ளிருந்து கலத்தை இழுத்தெடுத்துத் தள்ளுவண்டியில் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கொள்ளளவிகள் வெடித்து எண்ணெய் ஒழுகிக் கிடந்தன. புதியவை வாங்க நிதியத்தை விட்டால் வேறு வழியில்லை. அவள் ஹொலண்டுக்கு எழுதிக்கொண்டேயிருந்தாள். பதில் வரவில்லை. சண்டைக்குள் தபால் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். எண்பத்தொன்பதில் அமெரிக்காவில் இரண்டு பேர் கண்ணாடிப் போத்தலுக்குள் அணுக்கருக்களைச் சேர்த்துவிட்டதாகச் சொல்லி, உலகமே ஆடி, பிறகு அது பொய்த்துப்போனது. அதற்குப்பின் மாற்றுப் பாதை என்று வாயெடுத்தவனையெல்லாம் கள்ளனைப்போலப் பார்த்தார்கள். அதனால்தான் பதில் இல்லை என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

உண்மை வேறு. கொழும்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சோமசேகரம், அவள் செத்துவிட்டாள் என்று சொல்லி அவளுடைய திட்டத்துக்கான உதவியைத் தானே வாங்கிக்கொண்டிருந்தார். அவளுடைய கடிதங்கள் ஹொலண்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. நிதியத்தார் அவற்றைச் சோமசேகரத்திடம் காட்டிக் கேட்டார்கள். செத்தவளின் பெயரைச் சொல்லி யாரோ காசு பறிக்கப் பார்க்கிறார்கள் என்றார் அவர்.

"அவரே என்னட்டைச் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவர், மிஸ்" என்றான் அருளம்பலம். சித்திரையில் நிதியத்தார் கொழும்புக்கு வருகிறார்கள், சோமசேகரத்துக்கு இன்னும் ஐந்து வருடம் உதவுவதா என்று அங்கேதான் முடிவெடுக்கப் போகிறார்கள் என்றும் சொன்னான்.

அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "எந்த ஹோட்டலில்?"

தன்னைக் கண்டதாக ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவனிடம் சத்தியம் வாங்கினாள். மரியரட்ணத்திடம் மட்டும் விசயத்தைச் சொன்னாள். அவருக்குச் சந்தோசம். ஆள் உயிரோடு போய் நின்றால் உதவி தங்களுக்குத்தானே வரும் என்று, அன்றைக்கே கலத்தின் துருவைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார். குணலட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய நினைப்பில் கொள்ளளவியும் இல்லை, கலமும் இல்லை. சோமசேகரத்தின் முகம் மட்டும்தான் இருந்தது. அது எந்த விதமாக மாறும் என்று சமைக்கும்போதும் பாடம் எடுக்கும்போதும் யோசித்தாள். அந்த யோசனை அவளுக்குப் பசியைக் கொடுத்தது. தாய் போனபின் முதல் தடவையாக உடம்பு தேறினாள்.

சித்திரையில் பாதை திறந்திருந்தது. பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கொள்ளுப்பிட்டியில் அந்த ஹோட்டல் மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் இருந்தாள். யாரும் தடுக்கவில்லை. சோமசேகரம் கொஞ்சம் கொழுத்திருந்தார். திரையில் முதலில் வந்தது அவளுடைய படம்தான், இத்தாலியில் எடுத்தது. கீழே பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இந்தச் சின்னப் பாதையை யாழ்ப்பாணத்தில் திறந்துவைத்த பெண், அதற்காகவே உயிரைக் கொடுத்தவள் என்று குரல் தழுதழுக்கச் சொல்லி, எல்லோரையும் எழுந்து நிற்கும்படி கேட்டார்.

எல்லோரும் எழுந்தார்கள். குணலட்சுமியும் எழுந்தாள். பிறகு எல்லோரும் கதிரைகளில் இருந்தார்கள். அவள் இருக்கவில்லை.

சோமசேகரம் நிமிர்ந்து பார்த்தார். அவள் இத்தனை நாளும் கற்பனை செய்த எந்த முகமும் அது இல்லை. ஒன்றுமே எழுதாத சிலேற்றைப்போல இருந்தது.

"சேர், தொடங்குங்கோ. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்றாள் தமிழில்.

முன்வரிசையிலிருந்த நிதியத் தலைவி, தலை நரைத்த ஒரு டச்சுப் பெண், திரையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தை நிறுத்தினாள். குழு உள்ளறைக்குப் போனது. அங்கே அவளைக் கூப்பிடுவதற்கு முன்னம், வெளி விறாந்தையில் சோமசேகரம் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"குணம், நான் நம்பித்தான் சொன்னனான். நீர் செத்துப்போனீர் எண்டு ஆரோ சொல்லிச்சினம்."

"என்ரை கடிதம் வந்த பிறகும் நம்பினியளோ?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லுறதைக் கேளும். உந்தக் குழுவிலை கனபேர் நிதியத்தை மூடுறதுக்கு ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருக்கினம். அந்தப் போத்தல் விசயத்துக்குப் பிறகு எங்கள் எல்லாரையும் கள்ளர் எண்டுதான் பாக்கினம். தவறுதலாய் நடந்துபோச்சு எண்டு ஒரு வசனம் சொல்லும். யாழ்ப்பாணத்துக்கு எல்லாம் வரும். நான் விலகிப் போறன். இல்லையெண்டால் ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை."

அவர் சொன்னது முழுக்க உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. தன் கையில் இப்போது என்ன இருக்கிறது என்பதும் அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

"என்ரை அம்மா செத்த நேரம் பாத்து என்னையும் சாக்காட்டிப் போட்டியள், சேர். அவவைத் தூக்க எனக்கு நாலு பேர் கிடைக்கேல்லை. நீங்கள் என்னைச் சொல்லி நாடு நாடாய் ஆக்களை எழுப்பி விட்டிருக்கிறியள்."

உள்ளே போனாள். இது தவறுதலாக நடந்திருக்கலாமா என்று தலைவி கேட்டபோது, அந்தப் பெண் 'ஆம்' என்ற பதிலுக்காக ஏங்குவது அவளுடைய முகத்திலேயே தெரிந்தது. இல்லை என்றாள் குணலட்சுமி. பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள், ஒன்றையும் விடாமல். கதவு திறந்தே இருந்தது. சோமசேகரம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்கவேண்டும் என்பதற்காகவே சில இடங்களை அவள் திருப்பிச் சொன்னாள்.

அந்தக் கூட்டத்தோடு நிதியம் மாற்றுப் பாதைகளுக்கான உதவியை முழுதாக நிறுத்தியது. வேறு நாடுகளில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்த, அவளுக்கு முகம்தெரியாத பலருடைய ஆய்வும் அதோடு நின்றுபோனது. சோமசேகரத்தை அவருடைய பல்கலைக்கழகம் விலக்கியது. லண்டனில் தமிழ்ச்சனம் அவரைக் கண்டால் வீதியின் மறுபக்கம் போய்விடுகிறார்கள் என்று அருளம்பலம் சொல்லியனுப்பினான். அதைக் கேட்ட அன்று குணலட்சுமி புதுச்சேலை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

மரியரட்ணத்திடம் அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார்.

"ஒரு வசனம்தானே கேட்டவர், மிஸ்?"

"ஓம்."

"சொல்லியிருக்கலாம்."

"என்னாலை ஏலாது."

"நீங்கள் உங்கடை ஆத்திரத்தைத் தீத்துப்போட்டியள். இடிபாட்டுக்குள்ளை பூந்து இதைத் தூக்கினது நானும்தான். என்னை ஒருக்காக் கேட்டிருக்க வேணும்."

ஆனியில் திரும்பவும் சண்டை மூண்டு, எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது, மரியரட்ணம் கலத்தை அறுத்து, கிடைத்த எண்ணெயைச் சேர்த்துவைக்க வள்ளங்களுக்குத் தாங்கி செய்தார். அவள் அந்தப் பக்கம் சைக்கிளில் போகையில் ஒட்டுவேலையின் நீல வெளிச்சம் தெரிந்தது. இறங்கி உள்ளே போகலாமா என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கும் துணிவு வரவில்லை. ஆனால் கொள்ளுப்பிட்டியில் செய்ததை இன்னொரு தடவை செய்யச் சொன்னாலும் செய்வாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. சைக்கிளை நிறுத்தாமல் கடற்கரை வீதியால் மிதித்துக்கொண்டு போனாள்.