குவிமாடம் புதுப்பிக்கப்படுகிறது, அணைக்காதீர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அண்ணியுடையது. அண்ணி ஒரு வானாய்வுக் கூடத்தில் தொழில்நுட்பர். தொலைநோக்கி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கூரையின் திறப்பும் வந்து நிற்கும்படி குவிமாடத்தைச் சுழல வைப்பது அவர் வேலை. போன வாரம் போனில் அண்ணனின் குறட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், நடுவே, "நாப்பத்தி மூணு சதவீதத்துல மழை வந்துடுச்சு தம்பி" என்றார். எழுதிப் பிழைப்பவனிடம் இப்படி ஒரு வாக்கியத்தைப் போட்டுவிட்டு மறுபடி குறட்டைக்குப் போவது நியாயமே இல்லை.

2

முதல் தொடக்கம்: "எல்லையற்ற பேரண்டத்தின் மௌனத்தை நோக்கித் தன் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்த அந்தக் குவிமாடம்..."

வேண்டாம். இப்படிப் பேசுகிறவர் கதைக்குள் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார்: இயக்குநர். கழிப்பறைக் குழாய் ஒழுகுவது பற்றிய கூட்டத்தைக்கூட "எல்லையற்ற பேரண்டத்தில்" என்றுதான் தொடங்குவார். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் பேரண்டம்.

இரண்டாவது தொடக்கம்: பிற்பகல் மூன்றரை மணிக்கு அண்ணி கண்ட்ரோலர் பெட்டியில் கேபிளைச் செருகினார்.

இது போதும்.

3

குவிமாடத்தின் மோட்டாருக்கு மூளை அந்தப் பெட்டிதான். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். எட்டு வருடமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அது செய்த குற்றம். "கருவிகள் அனைத்தும் அண்மைப் பதிப்பில் இயங்குகின்றன" என்று ஆண்டறிக்கையில் எழுதிவிட்டார் பேரண்டம்.

"ஓடறதைத் தொட வேணாம் சார்."

"அறிக்கை அச்சுக்குப் போயாச்சும்மா. இனிமே அதை மாத்த முடியாது, டோமைத்தான் மாத்தணும்."

அட்டை மட்டும் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. அதன் படத்துக்காகக் கூரையைத் திறக்கச் சொன்னதும் அவர்தான். படம் எடுத்தவர் கிளம்பிப் போனார்.

"மூடிட்டு ஆரம்பிக்கறேன் சார்."

"வெயில்தானே அடிக்குது. ஆரம்பிம்மா, எனக்கு நாலு மணிக்கு மீட்டிங்."

அண்ணி ஆரம்பித்தார். (இந்த இடத்தில் அவர் பிடிவாதம் பிடித்திருக்கலாம். அண்ணனிடம் பிடிப்பதில் பாதி போதும். ஆனால் அப்போது எனக்குக் கதை ஏது?)

4

புதுப்பிப்பு நாற்பத்து மூன்று சதவீதத்தில் தூறல், ஐம்பதில் மழை. திரையில் "புதுப்பிக்கப்படுகிறது, அணைக்காதீர்" என்று ஒரே வரி. அது முடியும்வரை கூரையை மூட முடியாது. பாதியில் அணைத்தால் பெட்டி வெறும் டப்பா. அணைக்காவிட்டால் திறந்த கூரைக்கு நேர் கீழே தொலைநோக்கியின் கண்ணாடி. அதில் தண்ணீர் பட்டால் மேல்பூச்சு போய்விடும். வேலைப் படிவத்தில் "பொறுப்பு" என்ற கட்டத்தில் இருப்பது அண்ணியின் கையெழுத்து.

(இதைப் பிறகு சேர்த்தேன். தொலைநோக்கிக்கு மூடி கிடையாதா என்று கேட்கிறீர்கள். உண்டு. அதில் தன் பெயரையும் பட்டங்களையும் எழுதி வரச் சொல்லிப் பேரண்டம் பெயிண்டரிடம் கொடுத்திருந்தார். தார்ப்பாய்? இருந்தது. ஆனால் எனக்குக் குடை வேண்டும். அதனால் தார்ப்பாயை இந்த அடைப்புக்குறிக்குள் வைத்துப் பூட்டுகிறேன்.)

"கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லும்மா."

"யார்கிட்ட சார் சொல்றது?"

"கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடுவோமா?"

"போடுங்க சார். பதில் வர்றதுக்குள்ள கண்ணாடியில மீன் வளர்க்கலாம்."

பேரண்டம் விறுவிறுவென்று தன் அறைக்கு ஓடி, கதவைச் சாத்தி, மீட்டிங்கில்...

இதுவரை எழுதி அண்ணிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"ஓடலை தம்பி. குடையை எடுத்துக்கிட்டு ஏணியில ஏறிட்டாரு."

"பேரண்டமா?"

"அவரேதான். நான் சொல்லக்கூட இல்லை. டோம் விளிம்புல ஏணியைச் சாத்தி ஏறி, கண்ணாடிக்கு மேல குடையை நீட்டிக்கிட்டு நின்னாரு. கோட்டெல்லாம் தண்ணி."

என் பிழைப்பில் மண். இருபது வருடமாக இந்த மாதிரி ஆட்களைக் கிண்டல் செய்து சோறு தின்கிறவன் நான். கடைசியில் ஒருவர் என் அனுமதி இல்லாமல் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டார். சரி, நிற்கட்டும்.

5

முடிவு ஒன்று: மழை விட்டது, எல்லோரும் தேநீர் குடித்தார்கள். (சோம்பேறித்தனம்.)

முடிவு இரண்டு: ஏணி உச்சியில் பேரண்டம் மனம் திருந்தி... (ஈரக் கோட்டு எவரையும் திருத்தியதாகத் தகவல் இல்லை.)

நடந்தது இது. நூறு சதவீதம் ஆயிற்று. திரையில் "சரி" என்று ஒரு பொத்தான் வந்தது. அண்ணியின் விரல் அதன் மேல் போய் நின்றுவிட்டது.

புது மூளைக்குத் தான் எந்தத் திசையில் இருக்கிறோம் என்று தெரியாது. பொத்தானை அமுக்கினால், தொடக்க இடத்தைத் தேடிக் குவிமாடம் ஒரு முழுச் சுற்று சுற்றும். அந்த இடத்துக்குப் போனால்தான் கூரையை மூடும் மோட்டாருக்கு மின்சாரமே கிடைக்கும்.

"சார், கொஞ்சம் இறங்கறீங்களா?"

"இறங்கினா நனையும்மா."

"இறங்கலைன்னா சுத்தும் சார்."

"எது?"

"ஏணி. கால் தரையிலயே நிக்கும், தலை மட்டும் டோமோட போகும்."

பேரண்டத்துக்கு எல்லை உண்டு என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்திருக்க வேண்டும்.

"அமுக்கும்மா, பாத்துக்கலாம்... இரு, இரு. அமுக்காத... நீயே முடிவு பண்ணு."

6

"அப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கு மேல பேசக் கூடாதுன்னு உத்தரவு தம்பி. விசாரணை நடக்குது."

"கண்ணாடி நனைஞ்சதுக்கா, அவர் விழுந்ததுக்கா?"

"ஆளைப் பாரு. எதுக்குன்னு சொன்னா, என்ன நடந்துச்சுன்னு சொன்ன மாதிரிதானே?" போனை வைத்துவிட்டார்.

ஆகவே, வாசகரே, பொத்தான் இப்போது உங்கள் முன்னால். குடைத் துணியில் தேங்கிய நீர் ஓரமாகச் சொட்டத் தொடங்கியிருக்கிறது. ஏணியில் இருப்பவருக்கு வயது ஐம்பத்தெட்டு. யோசித்து அமுக்குங்கள், அல்லது அமுக்காமல் இருங்கள். நான் தலையிடப் போவதில்லை. விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டால் மட்டும், இந்த வரி வரை படித்துக்கொண்டிருந்தது யார் என்று சொல்லிவிடுவேன்.