காலிக் கட்டங்கள்

விடியற்காலை ஐந்தரைக்கு உமையாள் சிடாம் கிரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பீடோங் வந்து சேரும்போது, முதியோர் இல்லத்தின் பின்கட்டுக் கொடியில் ரப்பர் கையுறைகள் காய்ந்துகொண்டிருக்கும். ஆளுக்கு ஒரு ஜோடி. ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிய வேண்டிய உறைகள். இங்கே அவற்றை அலசி, கிளிப் மாட்டி, விரல் கிழியும்வரை போட வேண்டும். கிழிந்த பிறகும் சும்மா கிடைத்துவிடாது. முதலாளி சிவநேசனிடம் கிழிசலைக் காட்டித்தான் புதிது வாங்க வேண்டும்.

இருபத்திரண்டு கிழங்களைப் பார்க்க முன்பு ஐந்து பெண்கள் இருந்தார்கள். இப்போது உமையாள், ஜெயமலர், யூலி என மூன்றே பேர். ஈரமான பெம்பஸ் டயப்பரைக் கழற்றி, துடைத்து, புரட்டிப் போட்டு, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைத்து, அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். மூத்திர வாடையும் பவுடர் வாசனையும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும். குழாயடிச் சோப்புப் புட்டியில் இருந்தது தரை கழுவும் திரவம், அதுவும் தண்ணீர் கலந்தது. அதில் கை கழுவிக் கழுவி உமையாளின் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. கிருமிநாசினிப் புட்டிகள் அலுவலக அலமாரிக்குள் பூட்டியிருந்தன. சோதனைக்கு ஆள் வரும் நாளில் மட்டும் வெளியே வந்து வரிசையாக நிற்கும்.

குழாய்க்கு மேலே ஒரு பாரம், கட்டம் போட்ட படிவம், தொங்கியது. ஒவ்வொரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவி, கட்டத்தில் டிக் போட வேண்டும். அதன்படி நடந்தால் நாள் முழுக்கக் குழாயடியிலேயே நிற்க வேண்டியதுதான். அதனால் திங்கட்கிழமை காலைத் தேநீர் நேரத்தில் மூவரும் உட்கார்ந்து அந்த வாரத்துக்கான டிக்கையெல்லாம் மொத்தமாகப் போட்டுவிடுவார்கள், கதை பேசிக்கொண்டும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டும். யாரும் அவர்கள் கையைப் பிடித்துப் போடச் சொல்லவில்லை. முதலாளி பார்த்தும் பாராதவர் போல் இருந்தார். அவருக்கு வேண்டியது நிரம்பிய பாரம்.

போன வாரம் செவ்வாயும் புதனும் ஊரில் தண்ணீர் இல்லை. டிரம்மில் பிடித்து வைத்தது சமையலுக்கே பற்றவில்லை. செவ்வாய்க்கிழமை பார்த்து அய்யாவு தாத்தாவுக்கு வயிற்றுப்போக்கு. உமையாள் நான்கு முறை மாற்றிவிட்டாள். அடுத்த கட்டில் பிச்சை தாத்தாவுடையது. புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டிய மனுஷர். கரண்டியை வாயருகே கொண்டுபோனால் துப்பிவிடுவார். ரசஞ்சோற்றைப் பிசைந்து, உருட்டி, கையால் ஊட்டினால்தான் வாய் திறக்கும்.

உமையாள் உறையைக் கழற்றினாள். உறைக்குள் இருந்த கை சுத்தம்தானே என்று நினைத்தாள். வலதுகை ஆள்காட்டி விரலில் உறை கிழிந்திருந்ததை அவள் காலையிலேயே பார்த்திருந்தாள். போன முறை கேட்கப் போனபோது, “உறையச் சாப்பிடுறியா நீ?” என்று சிவநேசன் கேட்டது நெஞ்சில் குத்திக்கொண்டிருந்ததால் கேட்கப் போகவில்லை. ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து பேர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிச்சை தாத்தா ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அன்றிலிருந்து உமையாளுக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் சிவநேசன் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

“உக்காரு உமையா. டீ குடிக்கிறியா?”

நான்கு வருஷத்தில் அவர் அவளிடம் டீ வேண்டுமா என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

“வேணாம் பாஸ். வேலை கிடக்கு.”

“பிச்சையோட மகன் கம்ப்ளெய்ன் பண்ணியிருக்கான். நாளைக்குப் பத்து மணிக்கு சுகாதார இலாகா ஆளுங்க வராங்க. இந்த சூராட்ல ஒரு சைன் போட்டுடு.”

மலாயில் அச்சடித்த கடிதம். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். சோப்பும் கையுறையும் இல்லத்தில் இருந்தும், கை கழுவாமல் நோயாளிக்கு உணவு ஊட்டியது தன்னுடைய கவனக்குறைவு என்று உமையாள் ஒப்புக்கொள்வதாக இருந்தது.

“அன்னிக்கு தண்ணியே வரலியே பாஸ்.”

“வரலன்னா பாரத்துல எப்படி டிக் வந்துச்சு? நான் சோப்பு வச்சேன், உறை கொடுத்தேன், பாரம் மாட்டினேன். கழுவாம பொய் டிக் போட்டது யாரு? கையால ஊட்டினது யாரு? நானா?”

அந்தக் கேள்வியைத்தான் அவளே மூன்று நாளாகத் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சிவநேசன் குரலைத் தணித்தார். “உங்கள எல்லாம் நான் குடும்பமாதான் பாக்குறேன். ஒரு பேரு கொடுத்தா போதும், விஷயம் முடிஞ்சிரும். இல்லன்னா இல்லத்த மூடிருவாங்க லா. இந்தக் கிழங்க எங்க போகும்? ஜெயமலரும் யூலியும் எங்க போவாங்க? யோசிச்சுப் பாரு. அப்புறம், இந்த வாரப் பாரம் காலியா கிடக்கு. நாளைக்குப் பத்து மணிக்குள்ள நிரப்பிடுங்க.”

பிச்சை தாத்தா போன பிறகு அந்தப் பாரத்தில் பேனா வைக்க மூவருக்கும் மனம் வரவில்லை. அதையும் அவர் கவனித்திருக்கிறார்.

“நாளைக்குச் சொல்றேன் பாஸ்,” என்று கடிதத்தை எடுத்துக்கொண்டு உமையாள் பின்கட்டுக்கு வந்தாள். ஜெயமலரும் யூலியும் படுக்கைத் துணி பிழிந்துகொண்டிருந்தார்கள். யூலி இந்தோனேசியாவின் மேடானிலிருந்து வந்தவள். இங்கே தாத்தா பாட்டிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள்.

“நான்தான் கொன்னுட்டேன் ஜெயா,” என்றாள் உமையாள். சொல்லிவிட்டு அழுதாள்.

ஜெயமலர் கடிதத்தைப் படித்தாள். படிக்கப் படிக்க முகம் சிவந்தது.

“ஆறு வருஷம் நான் சுங்கைப் பட்டாணியில கிளவ்ஸ் ஃபேக்டரியில நின்னேன்கா. பெட்டி பெட்டியா அடைச்சு லாரியில ஏத்துனோம். இந்தத் தாத்தா நாப்பது வருஷம் ரப்பர் பால் எடுத்தாரு. கடைசியில அந்த மனுசனத் தொட ஒரு புது உறை இல்ல லா! இதுக்கு நீ சைன் போடணுமா?”

“டிக் போட்டது நாமதானே ஜெயா?”

ஜெயமலர் கொடியில் ஆடிய உறைகளைப் பார்த்தாள். “ஆமாக்கா. நீ மட்டுமா போட்ட? நானும்தான் போட்டேன்.”

“போன புதன்கிழமை எனக்கு லீவு,” என்றாள் யூலி மெதுவாக. “நான் வரவே இல்ல. என் பேருக்கும் டிக் இருக்கு.”

அழுகைக்கு நடுவிலும் உமையாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளாக மண்டைக்குள் சுற்றியது ஒரு வழிக்கு வந்தது போலிருந்தது.

“இனிமே கழுவுனாதான் டிக்,” என்றாள்.

“கழுவ முடியாட்டி?”

“காலியா கிடக்கட்டும். வர்றவங்க பாக்கட்டும். நான் கழுவாதது நெசம், அத சொல்லிருவேன். ஏன் கழுவலன்னும் சொல்லுவேன்.”

“சொல்லுவோம்னு சொல்லுக்கா,” என்றாள் ஜெயமலர். கடிதத்தைத் திருப்பிப் போட்டு வெள்ளைப் பக்கத்தில் மலாயில் எழுத ஆரம்பித்தாள். தண்ணீர் வராத நாட்கள், தரை கழுவும் சோப்பு, பூட்டிய அலமாரி, கொடியில் காயும் உறை, மூவரும் போட்ட பொய் டிக், எல்லாவற்றையும் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

யூலியை யாரும் கேட்கவில்லை. அவளுடைய வேலை பெர்மிட் சிவநேசனின் மேசை டிராயரில் இருந்தது. அவர் நினைத்தால் மறுநாளே கப்பலேற்றிவிடலாம். அவள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள்.

“சாயா பூன்,” என்றாள். நானும்தான்.

மறுநாள் காலை மூவரும் கழுவிய பிறகே தொட்டார்கள், தொட்ட பிறகு கழுவினார்கள். வெடித்த கைகள் நெருப்பாய் எரிந்தன. எட்டு மணிப் பசியாறல் ஒன்பதரைக்குத்தான் முடிந்தது. ஒரு பாட்டி ஈரத்தில் படுத்தபடி திட்டித் தீர்த்தாள். உமையாள் மன்னிப்புக் கேட்டபடியே ஓடினாள். எவ்வளவு ஓடியும் கழுவ நேரம் கிடைக்காத தடவைகள் இருந்தன. அந்தக் கட்டங்களை அப்படியே விட்டார்கள்.

பத்து மணிக்குச் சற்று முன்னால் சிவநேசன் வந்தார். கிருமிநாசினிப் புட்டிகளை வரிசையாக வைத்துவிட்டுப் பாரத்தைப் பார்த்தவர் கத்தினார்.

“என்னடி இது? விளையாடுறீங்களா? மூணு பேரையும் இன்னிக்கே வெளிய அனுப்பிடுவேன்!”

“அனுப்புங்க பாஸ்,” என்றாள் ஜெயமலர். “பதினோரு மணிக்கு அய்யாவு தாத்தாவுக்கு பெம்பஸ் மாத்தணும். நீங்க மாத்துறீங்களா?”

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் நின்றது. சுகாதார இலாகா அதிகாரியான ஒரு மலாய் அம்மா இறங்கினார். அவருக்குப் பின்னால் பிச்சை தாத்தாவின் மகன் காளிதாசன் வந்தான். சவரம் செய்யாத முகம், தூக்கமில்லாத கண்.

உமையாள் நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, உங்க அப்பாவுக்கு ஊட்டினது நான்தான். அன்னிக்கு நான் கை கழுவல.”

அவன் அவள் கையைப் பார்த்தான்.

“போன் போட்டா அப்பா சொல்வாரு,” என்றான். “இங்க ஒரு பொண்ணு கையால ஊட்டுதுடா, நல்லா சாப்பிடுறேன்னு. அது நீங்கதானாக்கா?”

அவள் தலையசைத்தாள். மன்னிக்கிறேன் என்று அவன் சொல்லவில்லை. அவள் அதை எதிர்பார்க்கவும் இல்லை. “ஏன் கழுவல? முழுசா சொல்லுங்க,” என்றான்.

குழாயடியில் நின்ற அதிகாரி பாரத்தின் மேல் விரலை வைத்து, “கெனாப்பா கோசோங்?” என்று கேட்டார். ஏன் காலியாக இருக்கிறது?

“புதுசா சேந்தவங்க, மேடம்...” என்று சிவநேசன் முந்திக்கொண்டார்.

“நாலு வருஷமா இருக்கேன்,” என்றாள் உமையாள் மலாயில். யூலி அவளுக்கு இடப்பக்கம் வந்து நின்றாள். ஜெயமலர் கொடியிலிருந்து கழற்றிய உறைகளை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கடிதத்தோடு அதிகாரியின் முன்னால் வைத்தாள். காளிதாசன் பைக்குள் இருந்து கிழிந்த உறை ஒன்றை எடுத்து, அந்த ஓட்டைக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு அவனும் அந்தப் பெண்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

உமையாள் சோப்புப் புட்டியை அழுத்தி, தரை கழுவும் அந்தப் பச்சைத் திரவத்தை வெடித்த உள்ளங்கையில் ஏந்தி அதிகாரியிடம் நீட்டினாள். எரிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வராத அந்தச் செவ்வாய்க்கிழமையில் தொடங்கி நடந்ததைச் சொன்னாள்.