பூட்ஸ் சாலையில் நிறுத்தக் கூடாது

மழையில் பேருந்துக்காக நின்றிருந்த கால்யுவை வைகே தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டாள். இருவரும் சாட்சே ஊர்த் தேவாலயத் திருவிழாவுக்குத்தான் போகிறார்கள். அன்று ஊரே கல்லறைகள்மேல் துணி விரித்து, இறந்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடும்.

கால்யு அவள் தம்பி உர்மாஸின் கூட்டாளி. அவர்கள் வீட்டுச் சோற்றைத் தின்று வளர்ந்தவன்.

"உர்மாஸ்கிட்டருந்து சேதி உண்டாக்கா?"

"போன வாரம் ஜெயில்லருந்து பேச விட்டாங்க."

"என்ன சொன்னான்?"

"நல்லா இருக்கேன்னான்."

அவன் பெருமூச்சு விட்டான்.

சாட்சே போகும் வழியில் ரஷ்ய மண் ஒரு பூட்ஸ் போல எஸ்தோனியாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. சாலை அதற்குள் நுழைந்து வெளியே வரும். காரில் கடக்கலாம், நிறுத்தக் கூடாது, தரையில் கால் வைக்கக் கூடாது. சென்ற இலையுதிர்காலத்தில் உர்மாஸ் கால் வைத்தான். உளவாளி என்று ரஷ்யர்கள் உள்ளே தள்ளினார்கள். குடிபோதையில் அவனாகவே குதித்தான் என்று கால்யு சொன்னதை ஊர் நம்பியது. உர்மாஸின் மனைவி மாரெகூட நம்பினாள்.

பூட்ஸின் நடுவில் வைகே காரை நிறுத்தினாள்.

"அக்கா! இங்கயா நிறுத்துவ? எடு, எடு!"

"காளானைக் கண்டா நம்மாளுங்களுக்கு எல்லையாவது ஒண்ணாவது. போன்ல அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அன்னைக்கு வண்டிய நிறுத்தினது நீ. காளான் பறிக்கக் கூடையைக் கொடுத்து அவனை இறக்கிவிட்டதும் நீ. சிப்பாய்ங்க வந்ததும் அவன் ஓடி வந்தான். நீ கதவைப் பூட்டிட்ட."

கால்யு வெளுத்துப்போனான். "பயந்துட்டேன்கா. ரெண்டு பேரும் மாட்டி என்ன பிரயோஜனம்?"

வைகே சாவியை உருவி, ஜன்னல் வழியே புதருக்குள் வீசினாள்.

"பைத்தியமா உனக்கு? போய் எடு!"

"நான் எதுக்கு எடுக்கணும்? பிடிச்சா பிடிக்கட்டும். தம்பி இருக்கிற ஊருக்குத்தானே கொண்டுபோவாங்க. வேணும்னா நீ போய் எடு. காளான் தேடுற கண்ணுக்குச் சாவி தெரியாதா?"

கால்யு காட்டைப் பார்த்தான், சாலையைப் பார்த்தான். கடைசியில் இறங்கி ஓடினான். ஈரப் புதரில் மண்டியிட்டுத் துழாவினான்.

வைகே கதவுகளைப் பூட்டினாள். கோட்டுப் பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்துச் செருகினாள்.

என்ஜின் சத்தம் கேட்டு அவன் பாய்ந்து வந்தான். "அக்கா! அக்கா!" உள்ளங்கைச் சேறு கண்ணாடியில் அப்பியது. மரங்களுக்குப் பின்னால் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு வந்தது. வைகே கியரை மாற்றினாள்.

சாட்சே கல்லறைத் தோட்டத்தில் மாரெ தன் மாமனாரின் கல்லறைமேல் வெள்ளைத் துணி விரித்து, முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்திருந்தாள். வைகே எல்லாவற்றையும் சொன்னாள்.

மாரெ துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு, "இதனால அவர் வந்துடுவாரா அண்ணி?" என்றாள்.

"வரமாட்டான்."

மாரெ ஒரு முட்டையை உரித்து அவள் கையில் வைத்தாள். "சாப்பிடுங்க."

பக்கத்துக் கல்லறையிலிருந்து கால்யுவின் அம்மா எட்டிப் பார்த்தாள். அவள் எதிரே ஒரு தட்டு காலியாக இருந்தது.

"ஏண்டி வைகே, வர்ற வழியில எம்புள்ளையப் பாத்தியா?"

மாரெ வைகேயின் கையை அழுத்தினாள். வைகே முட்டையை மென்று விழுங்கினாள். கையை விடுவித்துக்கொண்டு எழுந்து அந்தக் கல்லறைக்குப் போனாள்.

"பார்த்தேன் பெரியம்மா. உட்காருங்க, சொல்றேன்."