தட்டானுக்குப் பின்னால் தெரிந்த கூடு

நல்வோகா ஏரிக்கரை ஊரான எண்டெபேயில் நர்ஸ். விடுப்பு கிடைத்தால் கேமராவும் கையுமாகச் சதுப்பில்தான் கிடப்பாள். பூச்சியும் பறவையும் கண்ணில் பட்டால் பசி தெரியாது. செருப்பு மாதிரி அலகுள்ள சாம்பல் பறவை புல்வே. அதன் கூட்டைக் கண்டுபிடித்தும் ஒரு படம்கூட வெளியே விடாத கெட்டிக்காரி, பக்கத்தில் எடுத்த சிவப்புத் தட்டானைப் பெருமையாக இணையத்தில் போட்டாள். எடுத்த இடத்தைக் கேமராவே படத்தோடு குறித்துவைக்கும். அதை அழிக்க மறந்துபோனாள்.

“தட்டானுக்குப் பின்னால மங்கலாத் தெரியுறது புல்வே குஞ்சுதானே?” என்று படத்துக்குக் கீழே எவனோ கேட்டிருந்தான். குஞ்சைத் திருடி வெளிநாட்டுக்கு விற்கிற கூட்டம் உண்டு. படத்தை நீக்கினாள், ஆனால் பார்க்கக் கூடாதவர்கள் பார்த்திருப்பார்கள்.

விடிந்ததும் துறைக்கு ஓடினாள். தோணிக்காரன் முகீபி வலையை உதறிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, கூட்டைத் தேடி யாராச்சும் வந்தாங்களா?”

“நேத்து ரெண்டு பேர் வந்தாங்க நர்சம்மா. போன்ல இடத்தையே காட்டினாங்க.”

“ஐயோ! யார் கூட்டிட்டுப் போனது?”

“எவன் போவான்? புல்வே மூஞ்சில முழிச்சா வலையில ஒரு மீன் விழுமா? தொழில் நாளும் அதுவுமா வந்து கேக்குறீங்களேன்னு எங்காளுங்க விரட்டிட்டாங்க. அடுத்த துறையில பாக்குறோம்னு போனாங்க.”

இந்த நம்பிக்கையை அவள் எத்தனை முறை கேலி செய்திருப்பாள்! இப்போது அடுத்த துறைக்காரர்களுக்கும் அது இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டாள்.

“என்னைக் கூட்டிட்டுப் போங்கண்ணே” என்று அழாக்குறையாகக் கேட்டாள்.

முகீபி தயங்கினான். அவளை அவன் அழைத்துப்போவதெல்லாம் வலை போடாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.

“அழுது தொலைக்காதீங்க, ஏறுங்க. நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.”

சொன்னபடியே, கோரையை விலக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நல்வோகா எட்டிப் பார்த்தாள். தாய்ப்பறவை அலகு நிறையத் தண்ணீர் மொண்டு வந்து குஞ்சின் மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. குஞ்சு சிலிர்த்துக்கொண்டது. அவள் தோணியிலேயே உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். நெஞ்சிலிருந்த பாரமெல்லாம் இறங்கியது.

முகீபி பதறினான். “என்ன நர்சம்மா, போயிடுச்சா?”

“இருக்குண்ணே! நல்லா இருக்கு! குளிச்சிட்டிருக்கு!”

“குளிக்குதா?”

அவன் துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் திரும்பி, ஆசைதீரப் பார்த்தான்.

“இன்னிக்கு மீன் போனாப் போகுது” என்றான்.